தண்ணீர் ஏன் இப்படி நடந்துகொள்கிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் மண்பானை இருக்கிறது, மீன்குளம் இருக்கிறது, வெங்காய வயல் இருக்கிறது, வயிற்றுப்போக்கில் வாடிய குழந்தையும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே சங்கதிதான். தண்ணீர் மூலக்கூறில் ஆக்சிஜன் பக்கம் லேசான எதிர்மின் தன்மை, ஹைட்ரஜன் பக்கம் லேசான நேர்மின் தன்மை. அதனால் அக்கம்பக்கத்து மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. இதற்கு ஹைட்ரஜன் பிணைப்பு என்று பெயர். தனித்தனியாகப் பார்த்தால் பலவீனமான பிடி. கணத்துக்குக் கணம் விட்டு விட்டு மறுபடி பிடிக்கும். எண்ணிக்கையில்தான் அதற்குப் பலம்.

கேள்வி: புது மண்பானை முதல் கோடையில் ஜில்லென்று இருந்தது. இரண்டாம் வருடம் தண்ணீர் குளிரவே இல்லை. மதுரையில் அக்கா வீட்டுப் பானை மட்டும் நன்றாகக் குளிர்கிறது. நாங்கள் இருப்பது சென்னையில். பானையில் குறையா, ஊரில் குறையா?

இரண்டிலும் இருக்கிறது. பானையின் நுண்துளை வழியாகக் கசியும் தண்ணீர் வெளிப்பக்கம் ஆவியாகிறது. ஆவியாக வேண்டுமானால் மூலக்கூறு தன் பிடிகளை எல்லாம் விடுவித்துக்கொண்டு கிளம்ப வேண்டும். ஒரு கிராம் தண்ணீருக்குச் சுமார் 580 கலோரி வெப்பம் தேவை. அந்த வெப்பம் பானைக்குள் இருக்கும் தண்ணீரிலிருந்து போகிறது. 10 லிட்டர் பானையில் 100 மில்லி ஆவியானால், கணக்குப்படி மிச்சத் தண்ணீர் ஏறக்குறைய 6 டிகிரி இறங்க வேண்டும். வெளிக்காற்று சூடேற்றிக்கொண்டே இருப்பதால் நடைமுறையில் அதைவிடக் குறைவாகவே இறங்கும்.

ஊரின் பங்கைப் பார்ப்போம். பானை எவ்வளவுதான் குளிர்ந்தாலும் அந்தக் காற்றின் ஈரக்குமிழ் வெப்பநிலைக்குக் கீழே போகாது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு அது. 38 டிகிரி வெயிலில் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் அந்த எல்லை சுமார் 24 டிகிரி. கடற்கரை ஊரில் 35 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் இருந்தால் எல்லை சுமார் 30 டிகிரி. அக்கா வீட்டுப் பானைக்கு இருக்கும் வாய்ப்பு உங்கள் பானைக்கு இல்லை.

பானையின் குறையைச் சரிசெய்யலாம். வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா பாருங்கள். போர்த் தண்ணீரில் கரைந்திருந்த சுண்ணாம்பு உப்பு அது. தண்ணீர் பறந்துபோக, உப்பு மட்டும் தங்கித் துளைகளை அடைத்துவிட்டது. பானையைக் காலிசெய்து ஒரு நாள் வெயிலில் காய வையுங்கள். ஒரு பங்கு வினிகருக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து, அதில் துணியை நனைத்துப் பூத்த இடத்தில் 20 நிமிடம் ஒட்டி வையுங்கள். பொடிப்பொடியாக நுரை வந்தால் சுண்ணாம்பு கரைகிறது என்று அர்த்தம். பிறகு தேங்காய் நாரால் தேய்த்து, மூன்று நான்கு முறை அலசுங்கள். சோப்பு, பாத்திரம் கழுவும் திரவம் இரண்டும் கூடவே கூடாது. துளைக்குள் இறங்கினால் வெளியே வராது. பெயின்ட் அல்லது வார்னிஷ் பூசிய பானைக்கு வைத்தியம் இல்லை. பானையை நிழலில், காற்று ஓடும் ஜன்னலோரம், ஈர மணல் மேல் வையுங்கள்.

உடம்பு வியர்ப்பதும் இதே வேலைதான். தோலில் இருந்தபடியே ஆவியாகும் வியர்வைதான் குளிர்விக்கும். சொட்டிக் கீழே விழும் வியர்வையால் உடம்பு தண்ணீரையும் உப்பையும் இழக்கிறது, குளிர்ச்சி கிடைப்பதில்லை. புழுக்கமான நாளில் வெயில் குறைவாக இருந்தும் மயக்கம் வருவது இதனால்தான்.

கேள்வி: இரண்டு வயது மகளுக்கு வயிற்றுப்போக்கு. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் பாதியை ஒரு டம்ளரில் கலந்து கொடுத்தேன். இன்னும் அதிகமாகப் போகிறது. அதில் ஏன் சர்க்கரை? வெறும் தண்ணீர் போதாதா?

அம்மா, முதலில் அந்தப் பாதிப் பாக்கெட் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். பெரிய பாக்கெட் 1 லிட்டருக்கு, சின்னப் பாக்கெட் 200 மில்லிக்கு. எந்த அளவு என்று அட்டையில் அச்சிட்டிருக்கும். அந்த அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையில் கொட்டிக் கலக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2002இல் ஏற்ற கலவையில் லிட்டருக்குச் சாதாரண உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம், மொத்தம் 20.5 கிராம். கரைசலின் செறிவு லிட்டருக்கு 245 மில்லி ஆஸ்மோல் (கரைந்த துகள்களின் எண்ணிக்கையைச் சொல்லும் அலகு). ரத்தத்தின் செறிவு 285க்குப் பக்கத்தில் இருக்கும். குடலில் இருப்பது நீர்த்த கரைசல், ரத்தம் அதைவிடச் செறிவானது. கரைசல் செறிவாக இருக்கும் பக்கம்தான் தண்ணீர் நகரும் என்பதால் அது குடலிலிருந்து ரத்தத்துக்குப் போகிறது. நீங்கள் பெரிய பாக்கெட்டில் பாதியை 200 மில்லி டம்ளரில் கலந்திருந்தால் செறிவு இரண்டரை மடங்காகியிருக்கும். ஓட்டம் தலைகீழானது: உடம்புத் தண்ணீர் குடலுக்குள் இறங்கியது. பேதி கூடியதற்குக் காரணம் அது. ஜூஸ், குளிர்பானம், கூடுதல் குளுக்கோஸ் பவுடர் சேர்த்தாலும் இதேதான் நடக்கும்.

சர்க்கரை தெம்புக்காகச் சேர்ப்பதல்ல. குடல் சுவரில் ஒரு கடத்திப் புரதம் இருக்கிறது. ஒரு குளுக்கோஸும் இரண்டு சோடியமும் சேர்ந்து வந்தால்தான் அது உள்ளே விடும். சோடியம் போன பின்னால் தண்ணீர் போகும். காலராவிலும் இந்த வழி மட்டும் கெடுவதில்லை. 1971இல் மேற்கு வங்கத்தின் பன்கான் அகதி முகாமில் சலைன் பாட்டில் தீர்ந்துபோன நேரத்தில், மருத்துவர் திலீப் மஹலானபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்களில் வைத்துக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். அவருடைய குழுவின் பராமரிப்பில் இருந்தவர்களில் இறப்பு 3.6 சதவீதமாகக் குறைந்தது.

இரண்டு வயது வரை ஒவ்வொரு பேதிக்கும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி கொடுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, பிறகு இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு கரண்டி வீதம் கொடுங்கள். மடக்கு மடக்காகக் கொடுத்தால் மறுபடி வெளியே வரும். கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். பாக்கெட் கிடைக்காத இடத்தில் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடுவது ஆபத்து. அளப்பதில் சந்தேகம் வந்தால் குறைவாகவே போடுங்கள். கண் குழிவிழுந்தால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால், குழந்தை துவண்டு கிடந்தால், மலத்தில் ரத்தம் வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம், உடனே மருத்துவமனை.

கேள்வி: எங்கள் ஆர்.ஓ. தண்ணீரில் டி.டி.எஸ். 30 காட்டுகிறது. நல்லதா? இதையே மீன் தொட்டிக்கும் ஊற்றலாமா?

டி.டி.எஸ். என்பது தண்ணீரில் கரைந்துள்ள பொருள்களின் மொத்த அளவு. அதைக் காட்டும் மீட்டர் மின்கடத்தலை மட்டும் அளந்து, அதை உப்பின் அளவாக மாற்றிக் காட்டும் கருவி. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டுப் பாருங்கள், முள் அசையாது. ஒரு சிட்டிகை உப்பு போடுங்கள், நூற்றுக்கணக்கில் ஏறும். கிருமியும் பூச்சிமருந்தும் அதன் கண்ணுக்குத் தெரியாது. எனவே 30 என்பது சுத்தத்துக்குச் சான்று அல்ல. இந்தியத் தர நிர்ணயம் குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை. வரும் தண்ணீரே 500க்குள் இருந்தால் உப்பு நீக்க ஆர்.ஓ. தேவையில்லை, கிருமி நீக்கினால் போதும். தாது உப்புகள் பெரும்பகுதி சாப்பாட்டில் வந்துவிடுகின்றன.

மீன் தொட்டிக்கு வெறும் ஆர்.ஓ. வேண்டாம். நன்னீர் மீனின் உடம்பில் எப்போதும் வெளித்தண்ணீரைவிட உப்பு அதிகம். செவுள் வழியாகத் தண்ணீர் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும், மீன் அதைச் சிறுநீராக வெளியேற்றிக்கொண்டே இருக்கும். உப்பே இல்லாத தண்ணீரில் இந்தப் பாடு கூடுகிறது. அமிலத்தைத் தாங்கும் பைகார்பனேட்டும் இல்லாததால் பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு) திடீர் திடீரென்று மாறும். குளோரின் போன குழாய்த் தண்ணீரைப் பாதியளவு கலந்து ஊற்றுங்கள்.

கேள்வி: காலையில் வெறும் வயிற்றில் 4 லிட்டர் குடித்தால் உடம்பு சுத்தமாகும் என்கிறார்களே?

செய்யாதீர்கள். ஆரோக்கியமான சிறுநீரகம் மணிக்கு 800 மில்லியிலிருந்து 1 லிட்டர் வரைதான் வெளியேற்றும். மிச்சம் ரத்தத்தை நீர்க்கச் செய்யும். ரத்தச் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் இருக்க வேண்டும். அது சடசடவென்று இறங்கினால் தண்ணீர் செல்களுக்குள் புகுந்து அவை வீங்கும். மற்ற உறுப்புக்கு வீங்க இடம் உண்டு, மண்டை ஓட்டுக்குள் இருக்கும் மூளைக்கு இல்லை. தலைவலி, குமட்டல், குழப்பம், பிறகு வலிப்பு என்று போகும். தாகத்துக்குக் குடியுங்கள், சிறுநீர் இளமஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறீர்கள். சிறுநீரக, இதய நோயாளிகள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டவே கூடாது.

கேள்வி: சின்ன வெங்காயத்தில் மருந்து அடித்தால் தாளில் நிற்காமல் உருண்டு ஓடுகிறது. சோப்புத் தூள் கலந்தேன், நாசில் அடைத்துக்கொண்டது.

வெங்காயம், முட்டைக்கோஸ், சேம்பு, நெல் எல்லாவற்றுக்கும் இலைமேல் மெழுகுப் பூச்சு உண்டு. தாமரை இலைத் தண்ணீர் என்று பழமொழியாகவே சொல்கிறோமே, அதுதான். தண்ணீர் மூலக்கூறுகளுக்கு மெழுகைப் பிடிக்கத் தெரியாது, தங்களுக்குள்ளேயே பிடித்துக்கொண்டு உருண்டையாகிவிடும். இந்தப் பிடியால் தண்ணீரின் மேற்பரப்பு சுருங்கப் பார்க்கும் விசைக்குப் பரப்பு இழுவிசை என்று பெயர். தண்ணீருக்கு அது மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன். ஒட்டும் திரவம் சேர்த்தால் அது 30 பக்கம் இறங்கும். துளி படர்ந்து ஒட்டும்.

சோப்புத் தூளில் இரண்டு கெடுதல். கடினமான போர்த் தண்ணீரில் உள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து திரி திரியாகத் திரளும், நாசிலை அடைப்பது அந்தத் திரிதான். தவிர, தூளின் காரம் இலை மெழுகையும் மருந்தையும் கெடுக்கும். கடையில் விற்கும் பயிருக்கான ஒட்டும் திரவத்தையே வாங்குங்கள். பொதுவாக லிட்டருக்கு 0.5 மில்லி, 10 லிட்டர் டேங்குக்கு 5, 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயருக்கு 8 மில்லி. பாட்டிலில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

கலக்கும் வரிசை முக்கியம். டேங்கில் பாதித் தண்ணீர், வாளியில் தனியாகக் கரைத்த மருந்து, பிறகு மீதித் தண்ணீர், ஒட்டும் திரவம் கடைசியில். முதலிலேயே ஊற்றினால் நுரை பொங்கி வழியும், அளவும் தெரியாது. அடிப்பதற்கு முன் ஒரு வெங்காயத் தாளில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். மணியாக நின்றால் போதவில்லை. தட்டையாகப் படர்ந்து நின்றால் சரி. படர்ந்து தாள் நுனிக்கு வழிந்தால் திரவம் கூடிவிட்டது, மருந்தெல்லாம் மண்ணுக்குத்தான் போகும். உச்சி வெயிலில் அடிக்காதீர்கள். துளியிலிருந்து தண்ணீர் மட்டும் பறந்து, செறிவு ஏறி, தாள் நுனி கருகும்.

கேள்வி: குறைமாதத்தில் பிறந்த பேரனுக்கு மூச்சுத்திணறல். நுரையீரலுக்குள் ஏதோ திரவம் விட்டார்கள். அது என்ன?

மேலே சொன்ன பரப்பு இழுவிசையேதான், ஐயா. நுரையீரலின் காற்றுப் பைகளுக்கு உள்பக்கம் மெல்லிய நீர்ப்படலம் உண்டு. அந்தப் படலம் சுருங்கப் பார்க்கும். பை எவ்வளவு சிறியதோ அவ்வளவு வேகமாக மூடிக்கொள்ளும். அதைத் தடுக்க நுரையீரல் செல்களே ஒரு கொழுப்புப் பொருளைச் சுரக்கின்றன. சர்ஃபாக்டன்ட் என்பார்கள். வயிற்றில் குழந்தை 34 வாரத்தை நெருங்கும்போதுதான் அது போதிய அளவு வரும். அதற்கு முன் பிறந்தால் ஒவ்வொரு மூச்சும் ஒட்டிக்கொண்ட புது பலூனை ஊதுவது போல. இந்தக் குறைதான் காரணம் என்று 1959இல் காட்டியவர்கள் மேரி எல்லன் ஏவரியும் ஜீரி மீடும். பேரனுக்குக் கொடுத்தது அந்தப் பொருளைத்தான். அவன் நுரையீரல் தானே சுரக்கத் தொடங்கும்வரை அது தாங்கும்.

கேள்வி: அரை ஏக்கர் குளத்தில் கட்லா, ரோகு, மிருகால் 3,000 விட்டேன். சித்திரையில் ஒரு விடியற்காலை பெரிய மீன்களாகப் பார்த்து மிதந்தன. யாராவது விஷம் வைத்திருப்பார்களா?

உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது: பெரிய மீன்கள், விடியற்காலை. விஷமாக இருந்தால் குஞ்சுகளும் சேர்ந்து சாகும், நேரம் காலம் பார்க்காது. ஆக்சிஜன் பஞ்சத்தில் பெரியவை முதலில் போகும்.

ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் 20 டிகிரியில் அதிகபட்சம் 9.1 மில்லிகிராம்தான் கரையும். 30 டிகிரியில் 7.5. ஆக்சிஜன் மூலக்கூறுக்கு மின்தன்மைச் சாய்வு கிடையாது, தண்ணீர் அதைப் பிடித்துவைக்காது. சூடேற ஏற இன்னும் சுலபமாக வெளியேறும். சூட்டில் மீனுக்கு மூச்சுத் தேவையோ கூடுகிறது. சித்திரையில் வரவு குறைவு, செலவு அதிகம்.

பகலில் பச்சைப் பாசி ஆக்சிஜனை வெளியிடும். இரவில் அதே பாசி, மீன், அடிச்சேறு மூன்றும் ஆக்சிஜனை இழுக்கும். மேற்பரப்பு வழியாக உள்ளே இறங்குவதும் மெதுவாகத்தான். காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஆக்சிஜன் பரவும் வேகம் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதனால் சூரிய உதயத்துக்குச் சற்று முன்னால் அளவு அடிமட்டத்தில் இருக்கும். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் நிம்மதி. 3க்குக் கீழே போனால் மீன் வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும். மேகமூட்டமான நாளுக்கு மறுநாள் விடியலில் ஆபத்து இரட்டிப்பு, பகல் வரவே குறைந்திருக்கும்.

மீன் மேலே வருவதைப் பார்த்தவுடன் மோட்டாரைப் போட்டு, குளத்துத் தண்ணீரையே எடுத்துச் சல்லடைத் தகடு மேலோ கிளைக் கட்டின் மேலோ மழை போல விழச் செய்யுங்கள். துளி சின்னதாக இருந்தால் காற்றைத் தொடும் பரப்பு கூடும். குழாயைத் தண்ணீருக்குள் முக்கி ஓட்டுவதால் பயன் குறைவு. அன்றைக்குத் தீவனமும் சாணமும் கூடாது. ஏரேட்டர் (தண்ணீரில் காற்றைக் கலக்கும் கருவி) இருந்தால் இரவு 2 மணியிலிருந்து விடியும்வரை ஓட்டுங்கள். பலர் பகலில் ஓட்டி மின்சாரத்தை வீணாக்குகிறார்கள்.

நிரந்தரமாகச் செய்ய வேண்டியது இருப்பைக் குறைப்பது. அரை ஏக்கருக்கு 1,000 முதல் 2,000 குஞ்சு போதும். ஏரேட்டர் இல்லையென்றால் 1,000. பாசியின் அளவைப் பார்க்க, வெயில் நேரத்தில் கையை முழங்கை வரை தண்ணீரில் விடுங்கள். முழங்கை நனையும்போது உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் சரியான பச்சை. பாதி வழியிலேயே மறைந்தால் எருவை நிறுத்திப் புதுத் தண்ணீர் விடுங்கள். இத்தனை சிரமமும் வேண்டாம் என்றால் விரால் வளர்க்கலாம். அது மேலே வந்து காற்றையே சுவாசிக்கும்.

கேள்வி: ஃபிரீசரில் கண்ணாடி பாட்டில் வெடித்தது. தக்காளி வைத்தால் கூழாகிறது. ஆனால் தால் ஏரி உறைந்தும் மீன் சாவதில்லையே?

உறையும்போது மூலக்கூறுகள் அறுகோணக் கூடாக அடுக்கிக்கொள்ளும், நடுவில் காலியிடம் விழும். பருமன் 9 சதவீதம் கூடும். பாட்டிலில் எட்டில் ஒரு பங்கு காலி விடுங்கள். தக்காளியில் பனிப்படிகம் செல் சுவரைக் கிழித்துவிடுகிறது. மெதுவாக உறைந்தால் படிகம் பெரிதாகும். துண்டாக்கித் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி உறைய வைத்து, பிறகு டப்பாவில் போட்டால் சேதம் குறையும். அப்போதும் குழம்புக்குத்தான் ஆகும், சாலட்டுக்கு ஆகாது. ஸ்ரீநகரின் தால் ஏரியில் பனி மிதந்து மூடிபோல் நிற்க, அதிக அடர்த்தியுள்ள 4 டிகிரித் தண்ணீர் அடியில் தங்குகிறது. மீன் அங்கே இருக்கும்.

கேள்வி: மோட்டார் உறிஞ்சினால் 10 மீட்டருக்கு மேல் தண்ணீர் ஏறாது என்று படித்தோம். 20 மீட்டர் தென்னைக்கு எப்படி ஏறுகிறது? நுண்புழை ஏற்றமா?

நுண்புழை ஏற்றம், அதாவது மெல்லிய குழாயில் தண்ணீர் தானாக ஏறுவது என்றுதான் பலரும் எழுதுகிறார்கள், அது போதாது. 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் அதனால் ஏறுவது சுமார் 30 சென்டிமீட்டர்தான்.

தண்ணீர் மேலேயிருந்து இழுக்கப்படுகிறது. இலைச் செல் சுவரின் நுண்ணிய இடுக்குகளில் தண்ணீர் ஆவியாகும்போது, பின்னால் உள்ள மூலக்கூறு அந்த இடத்துக்கு இழுபடும். அதைப் பிடித்திருப்பது அடுத்தது. இலையிலிருந்து வேர் வரை அறுபடாத ஒரே நூல். 1894இல் டிக்ஸனும் ஜோலியும் சொன்ன விளக்கம் இது. கலிஃபோர்னியாவில் 115 மீட்டரைத் தாண்டி நிற்கும் ரெட்வுட் மரத்துக்கும் இதே நூல்தான்.

நூல் அறுந்தால் காற்றுக்குமிழி புகும், அந்தக் குழாய் போயிற்று. ரோஜாவைக் கத்தரித்து ஜாடியில் வைத்ததும் தலை தொங்குவது இதனால். காம்பைத் தண்ணீருக்குள் முக்கியபடியே நுனியில் 2 சென்டிமீட்டர் சாய்வாக வெட்டுங்கள், பல சமயம் சில மணி நேரத்தில் நிமிரும்.

தென்னைக்கு இது இன்னும் பெரிய விஷயம். மாமரமும் வேம்பும் ஆண்டுதோறும் புதுக் கட்டை வைத்துப் புதுக் குழாய்களைப் பெறும். தென்னைத் தண்டு அப்படிப் பருப்பதில்லை. ஒரு மட்டத்தில் ஒருமுறை அமைந்த குழாய்கள்தான் மரத்தின் ஆயுள் முழுக்க. வறட்சியில் அடைபட்டதை ஈடுசெய்யப் புதிது வராது. எனவே கோடையில் மட்டை தொங்கும்வரை காத்திருந்து தண்ணீர் விடாதீர்கள். அடிமரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரத்துக்குப் பாத்தி எடுத்து, ஏறக்குறைய 100 தேங்காய் மட்டைகளை முதுகுப்பக்கம் மேலே இருக்கும்படி கவிழ்த்து அடுக்குங்கள். கோடை தொடங்கும் முன், பாத்தியில் ஈரம் இருக்கும்போதே அடுக்கிவிட வேண்டும்.